கித்தார் வாசிப்பவரின் கைவலி: அடையாளம் காண்பது முதல் மீண்டும் முழுமையாக வாசிப்பது வரை

கம்பியை அழுத்த விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல் எலும்புகளைப் பிடித்து இழுக்கின்றன. சுண்டுவிரல் வலிக்கிறது என்று சுண்டுவிரலையே நீவிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். கோளாறு முன்கையில் இருக்கலாம், முழங்கையில் இருக்கலாம், சில சமயம் கழுத்து எலும்பிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

கித்தார் வாசிப்பதால் வரும் கைக்கோளாறுகளில் பெரும்பாலானவை குணமாகக்கூடியவை. சிகிச்சை பலிக்காமல் அவதிப்படுபவர்களைவிட, வலி சற்றுத் தணிந்ததும் பழைய வேகத்துக்குத் தாவி மறுபடி விழுபவர்களே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் நோய்ப் பெயர்களைவிட, திரும்பி வரும் முறைக்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: காத்திருக்கக் கூடாதவை எவை என்று பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

ஒரு விரல் நெடுகிலும் வீங்கி, சற்றே மடங்கிய நிலையில் நின்று, அதை நிமிர்த்தினால் உயிர்போகும் வலி எடுத்தால், தசைநாணைச் சுற்றியுள்ள உறையில் கிருமி புகுந்திருக்கலாம். புதுக் கம்பி மாட்டும்போது வெட்டிய முனை விரலில் குத்துவது நமக்கெல்லாம் பழகிய விஷயம். அந்தச் சிறு குத்துக்குப் பிறகுகூட இது வரலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓர் இரவு தாமதமும் விரலின் அசைவைப் பறித்துவிடக்கூடும்.

அடிபட்ட பிறகு விரலின் நுனி மூட்டைத் தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் மேற்புறத் தசைநாண் அறுந்திருக்கலாம். பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. நுனி மூட்டை நேராக வைத்து 6 முதல் 8 வாரம் இடைவிடாமல் கட்டு போடுவார்கள். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: கழுவுவதற்காகக் கட்டைக் கழற்றும்போது நுனி ஒருமுறை தொங்கினாலும் நாள்கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நுனியை மடக்க முடியாமல் போவது இதற்கு நேர்மாறானது. அப்போது அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் சில நாள்களுக்குள்.

நாள் முழுவதும் நீங்காத மரத்துப்போதல், கட்டைவிரலின் அடிமேடு வற்றிப்போதல், கம்பியை மீட்டும் சிறு தகடான பிக் அடிக்கடி கைநழுவுதல் ஆகியவை நரம்பு நெடுநாளாக நசுங்குவதன் அடையாளங்கள். காலையில் எழுந்ததும் இரு கைகளின் மூட்டுகளும் வீங்கி, அரை மணி நேரத்துக்கும் மேலாக விறைப்பு தளராமல் இருந்தால் முடக்குவாதத்துக்கான சோதனை தேவை. அந்த நோய்க்கு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டுகள் தப்பும்.

படி 2: எது பழுதாகியிருக்கிறது: தசைநாணா, நரம்பா, தோலா?

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்ற மூன்றையும் ஒரு வாரம் தாளில் எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

தொடும்போதும் அசைக்கும்போதும் ஒரே கோட்டில் வலி ஓடினால் அது பெரும்பாலும் தசைநாண். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில், கித்தாரின் நீண்ட கழுத்தான நெக்கைப் பற்றும்போது சுருக்கென்று வலித்தால், சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் 1895இல் விவரித்து அவர் பெயராலேயே அறியப்படும் கோளாறாக இருக்கலாம். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் சிக்கி உராய்வதே அது. விரலை மடக்கிவிட்டு நிமிர்த்தும்போது 'டக்' என்று சிக்கி விடுபட்டால் அதைச் சொடுக்கு விரல் என்பார்கள். தசைநாணில் உண்டான தடிப்பு, விரலடியில் உள்ள வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் நரம்பைக் காட்டுகின்றன. எந்த விரல்கள் என்பது முக்கியம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரத்து, இரவில் கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டுக் குகையில் நடு நரம்பு நசுங்குகிறது. அந்தச் சிறு குகைக்குள் ஒரு நரம்போடு 9 தசைநாண்களும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன; மணிக்கட்டை மடக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் இடம் முழங்கை. முழங்கையை நெடுநேரம் மடக்கி வைப்பதும், கித்தாரின் விளிம்பிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றுவதும் அந்த நரம்பைத் தொல்லைப்படுத்தும். தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, கர்ப்பம் ஆகியவையும் நரம்பு நசுங்கலைக் கூட்டும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்டால் வியக்க வேண்டாம்.

விரல் நுனித் தோல் எரிவது புதிதாகக் கற்பவர்களின் பாடு. சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். அதுவரை ஒரேயடியாக ஒரு மணி நேரம் வாசிப்பதற்குப் பதில் 10 நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். குளித்த உடனே, தோல் ஊறியிருக்கும்போது வாசிக்க வேண்டாம். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். தோல் சிவந்து அரித்தால் அது உராய்வாக இல்லாமல் நிக்கல் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கோ நைலானுக்கோ மாறிப் பாருங்கள்.

வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் சொன்னபடி கேட்காமல் சுருண்டுகொள்வது முற்றிலும் வேறு வகை. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படி 3: முதல் இரண்டு வாரம்

"ஒரு மாதம் கித்தாரைத் தொடாதே" என்ற அறிவுரையைப் பலரும் கேட்டிருப்பார்கள். எலும்பு முறிவுக்கும் அறுந்த தசைநாணுக்கும் அது பொருந்தும். அளவுக்கு மீறி உழைத்துப் புண்பட்ட தசைநாணுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. முற்றிலும் வேலையில்லாத தசைநாண் வலுவிழக்கிறது. வலி போயிருக்கும், தாங்குதிறனும் கூடவே போயிருக்கும். பழைய வேலையைக் கொடுத்ததும் மறுபடி வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதும் தவறு. செய்ய வேண்டியது சுமையைக் குறைப்பது: வலியைத் தூண்டும் அசைவை மட்டும் நிறுத்திவிட்டு, வலிக்காத அசைவுகளைத் தொடருங்கள்.

சுமை என்றால் கித்தார் மட்டும் அல்ல. கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டுவது, விசைப்பலகை, பை தூக்குவது, துணி பிழிவது எல்லாம் அதே தசைநாண்களின் கணக்கில்தான் ஏறுகின்றன. கித்தாரை ஓரமாக வைத்துவிட்டு மாலை முழுவதும் கைப்பேசியில் கழித்தால் அதன் பெயர் ஓய்வு அல்ல.

புதிதாக வீங்கிய இடத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி, 10 முதல் 15 நிமிடம். நாள்பட்ட விறைப்புக்கு வெதுவெதுப்பான நீர். வலி மாத்திரை இரவில் தூங்க உதவினால் சரி. வாசிப்பதற்காக மாத்திரை போடாதீர்கள். எச்சரிக்கை மணியை அமுக்கிவிட்டு வேலையைத் தொடர்வது அது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தம் உறையாமைக்கான மருந்து உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும், அரிதாக அறுபடவும் செய்யும். வேறு நோய்க்காக அவற்றை எழுதித் தந்தால் உங்கள் கைவலியைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 4: கோளாறுக்கேற்ற சிகிச்சை

மணிக்கட்டுக் குகைக் கோளாறுக்கு முதல் சிகிச்சை எளியது: இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால்தான் நள்ளிரவில் விழிப்பு வருகிறது. சில வாரம் தவறாமல் அணிந்தும் சரியாகாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, அதன்பின் குகையின் கூரையை விடுவிக்கும் சிறு அறுவை. நரம்பு நிரந்தரமாகச் சேதமாகும் முன்பே முடிவெடுப்பது நல்லது. முழங்கை நரம்புக்கும் இரவுதான் முக்கியம். முழங்கை முழுவதும் மடங்காதபடி ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்கலாம்.

கட்டைவிரல் பக்க வலிக்கும் சொடுக்கு விரலுக்கும் பட்டை, ஓய்வு, ஊசி என்ற வரிசையே. இவற்றில் ஊசி பலருக்கும் நன்றாகக் கேட்கும். சொடுக்கு விரல் முற்றினால் வளையத்தை விடுவிக்கும் அறுவை குறுகிய நேரத்தில் முடியும். ஆனால் ஊசி போட்ட மறுநாளே முழு நிகழ்ச்சி வாசிக்கக் கூடாது. வலி மறைந்துவிட்டதால் தசைநாண் ஆறிவிட்டது என்று ஆகாது.

முன்கைத் தசைநாண் வலிக்கு மருந்தைவிடப் பயிற்சியே பெரிது. முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரைக் கிலோ எடையைப் பிடித்து, மற்றக் கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கை மட்டும் 4 நொடி எடுத்து மெதுவாக இறக்கட்டும். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்கையின் வெளிப்புற வலிக்கு இது. உள்புறம் வலித்தால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை அது கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். தசைநாண் மாறுவதற்கு 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடுபவர்கள் மிகச் சரியான மருந்தைத் தவறான நேரத்தில் தூக்கியெறிகிறார்கள்.

விரல்களுக்கு ஒரு மென்பயிற்சி உண்டு: விரல்களை நேராக நீட்டி, கொக்கிபோல் மடக்கி, முழு முட்டியாக்கி, பிறகு அடிமூட்டை மட்டும் மடக்கிக் கூரைபோல் வைத்து, மறுபடி நீட்டுவது. ஐந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. தசைநாண்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இது உதவும். நரம்புக்கான நீட்டல் பயிற்சிகளைக் காணொளி பார்த்து நீங்களே செய்ய வேண்டாம். எரிச்சலில் இருக்கும் நரம்பை இழுத்தால் அது இன்னும் சினக்கும். இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் காட்டித் தரட்டும். முடிந்தால் கித்தாரையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வாசிப்பதைப் பார்க்காமல் அவரால் பாதியைத்தான் சொல்ல முடியும்.

படி 5: காரணத்தைக் கித்தாரிலும் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாம் வீண்.

முதலில் கருவி. முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் முதலாவது) பார் கார்டு (சுட்டுவிரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடி) பிடிக்க முடியாமல் திணறுபவர்களில் பலருக்குக் குறை கையில் இல்லை, நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் வெட்டுகளுள்ள கட்டையில்) இருக்கிறது. நட்டின் வெட்டுகள் ஆழம் போதாமல் இருந்தால் முதல் ஃபிரெட்டில் தேவைக்கு மேல் பலம் வேண்டும். ஒரு எளிய சோதனை: கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கிடுக்கியான கேப்போவை முதல் ஃபிரெட்டில் மாட்டி, இரண்டாவது ஃபிரெட்டில் பார் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதானால் குற்றவாளி நட்டுதான். கித்தார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். 12ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் எலெக்ட்ரிக் கித்தாரில் ஏறத்தாழ 1.5 முதல் 2 மி.மீ., எஃகுக் கம்பி அக்கூஸ்டிக்கில் 2 முதல் 2.5 மி.மீ., நைலான் கம்பி கிளாசிக்கலில் 3 முதல் 4 மி.மீ. என்பது பொதுவான அளவு. அதைவிடக் கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் உங்கள் தசைநாண் வரி கட்டுகிறது.

அடுத்து கம்பி. மெல்லிய கம்பிக்கு மாறுவதில் வெட்கம் எதுவும் இல்லை. செலவே இல்லாத வழி, டியூனிங்கை இறக்குவது. இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அரைச் சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதமும், முழுச் சுரம் இறக்கினால் சுமார் 20 சதவீதமும் குறையும். பழைய சுருதியில் பாட வேண்டும் என்றால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போதும். ஃபிரெட் இடைவெளிகளும் குறுகி, விரலை விரிக்கும் சிரமம் குறையும்.

பிறகு, அழுத்தும் பலம். இந்தச் சோதனையை இன்றே செய்து பாருங்கள். ஒரு கம்பியின் மேல் விரலை அழுத்தாமல் வைத்து மீட்டுங்கள். மொத்தையான ஓசை வரும். மீட்டிக்கொண்டே சிறிது சிறிதாக அழுத்துங்கள். கரகரப்பு வரும், பிறகு ஒரு கணத்தில் சுரம் தெளிந்துவிடும். அந்தக் கணத்தில் இருந்த பலமே தேவையான முழுப் பலம். வழக்கமாக நீங்கள் போடும் பலத்தோடு ஒப்பிட்டால் அதிர்ந்துபோவீர்கள். விரல் ஃபிரெட் கம்பிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு குறைந்த பலம் போதும். ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் இப்படியே வாசிக்கப் பழகுங்கள்.

கட்டைவிரல் அடுத்தது. நெக்கின் பின்னால் கட்டைவிரல் கிடுக்கிபோல் நெருக்கும்போது உள்ளங்கைத் தசைகளும் கட்டைவிரல் அடிமூட்டும் சேர்ந்து களைக்கின்றன. கட்டைவிரலை முழுவதும் எடுத்துவிட்டு ஒரு பார் கார்டு பிடித்துப் பாருங்கள். வலது முன்கை கித்தாரின் உடலை மெல்லத் தாங்கிக்கொள்ள, இடது கையின் எடையே கம்பிகளைப் பின்னோக்கி இழுக்கும். சுட்டுவிரலைத் தட்டையாக வைக்காமல் எலும்புள்ள பக்கவாட்டுக்குச் சற்று உருட்டினால் இன்னும் எளிது.

கடைசியாக, உட்காரும் விதம். நெக்கின் தலை கீழே சரிந்திருந்தால் மணிக்கட்டு மடங்கியே தீரும். நெக்கின் தலையைக் கண்மட்டம் அளவுக்கு உயர்த்துங்கள். பாதப்பலகையோ தொடைத் தாங்கியோ வைத்து இடது தொடையில் அமர்த்திப் பாருங்கள். நின்று வாசிப்பவர்கள் கித்தாரைத் தோளில் மாட்டும் பட்டையைச் சுருக்க வேண்டும். கித்தார் முழங்கால் வரை தொங்குவது பார்க்க எடுப்பாக இருக்கலாம், மணிக்கட்டுக்கு அது நாள்தோறும் நடக்கும் வதை.

படி 6: கைக்கு ஓய்வு, இசைக்கு அல்ல

வாசிக்க முடியாத நாள்கள் மனத்தை அரிக்கும். அந்தத் துயரத்தை யாரும் சிறிதாக நினைக்க வேண்டாம். 1995இல் நரம்பியல் ஆய்வாளர் ஆல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஐந்து விரல் பியானோப் பயிற்சியை மனத்தில் மட்டும் வாசித்தவர்களின் மூளையிலும், விரல்களை இயக்கும் பகுதியில் உண்மையான பயிற்சிக்கு ஒப்பான மாற்றங்கள் தென்பட்டன. ஆகவே கண்ணை மூடி, எந்த விரல் எந்த ஃபிரெட்டில் விழுகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி ஒரு பாடலை மனத்தில் வாசிப்பது காலவிரயம் அல்ல. செவிப்பயிற்சி, தாளம், சுரம் எழுதுதல், பாதிக்கப்படாத கைக்கான பயிற்சி எல்லாவற்றுக்கும் இதுவே நேரம். இடது கை நலிந்திருந்தால் அழுத்தாத, திறந்த கம்பிகளில் வலது கை வேலையை மெருகேற்றுங்கள்.

படி 7: திரும்பி வரும் ஏணி

மூடி திறப்பது, தட்டச்சு செய்வது போன்ற அன்றாட வேலைகள் வலியின்றி நடக்கத் தொடங்கியதும் ஏணியில் கால் வைக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கையை இரண்டு நிமிடம் வைத்துவிட்டு அமருங்கள். தொடக்கத்தில் ஐந்தாவது முதல் ஒன்பதாவது ஃபிரெட் வரை மட்டும். அங்கே இடைவெளிகள் குறுகியவை, கையும் உடலுக்கு அருகில் இருக்கும். பார் கார்டு வேண்டாம், பெண்டிங் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை ஏற்றுவது) வேண்டாம், அகல விரிக்கும் பிடிகள் வேண்டாம்.

1. 5 நிமிடம் மெதுவாக, நாளுக்கு 2 வேளை.
2. 10 நிமிடம், 2 வேளை.
3. 10 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் ஓய்வு, மறுபடி 10, 2 வேளை. இப்போது சில கம்பிகளை அழுத்தாமல் விடும் திறந்த கார்டுகளைச் சேர்க்கலாம்.
4. 15, ஓய்வு 5, மறுபடி 15. ஒரு பார் கார்டை இரண்டு தாளவட்டம் மட்டும் பிடித்து விடுங்கள்.
5. 20, ஓய்வு 5, மறுபடி 20. மெல்லிய கம்பிகளில் பெண்டிங்.
6. 25 நிமிடமாக இரண்டு மூன்று சுற்று, முழுப் பாடல்கள். வேகத்தை இங்கேதான், தாளக் கருவியான மெட்ரோனோமைச் சிறிது சிறிதாக ஏற்றி, மீட்டெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் குறைந்தது மூன்று நாள். அடுத்த படிக்குப் போகலாமா என்று சொல்வது மறுநாள் காலை. வாசிக்கும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருந்தால் ஏறுங்கள். வந்திருக்காவிட்டால் அங்கேயே நில்லுங்கள். நன்றாக வலித்துவிட்டால் இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். இறக்கம் தோல்வி அல்ல. ஏறுபவர் எல்லோரும் ஒருமுறையாவது இறங்குவார்கள். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு விதி கடுமையானது: மரத்துப்போதல் தொடங்கிய அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரம் கூடிய வாரத்தில் வேகம் கூடக் கூடாது. கனமான கம்பி மாட்டிய வாரத்தில் நேரம் கூடக் கூடாது. நிகழ்ச்சி நெருங்குகிறது என்று நான்காம் படியிலிருந்து ஆறாம் படிக்குத் தாவும் ஆசை வரும். அந்த நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள், அல்லது பாடல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விரல் சொன்னபடி கேட்காதபோது

வலி இல்லை, வலிமை குறையவில்லை, சோறு பிசையவும் எழுதவும் முடிகிறது. ஆனால் ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) வாசித்தால் மட்டும் மோதிரவிரல் உள்ளே சுருள்கிறது அல்லது சுட்டுவிரல் விறைத்து நீள்கிறது. இது ஃபோகல் டிஸ்டோனியாவாக இருக்கலாம். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வருவதாகக் கருதப்படுகிறது. மூளையில் விரல்களின் கட்டுப்பாடு குழம்புவதால் வருவது. சோம்பலால் அல்ல, பயிற்சிக் குறைவால் அல்ல. அந்த இடத்தையே ஆயிரம் தடவை வாசித்துச் சரிசெய்ய முயல்வது கோளாறை இன்னும் ஆழப் பதிக்கும். இங்கே முதல் மருந்து, அந்த அசைவை நிறுத்துவது. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியும், அசைவை அடிப்படையிலிருந்து மாற்றிக் கற்கும் பயிற்சியும் இன்றைய வழிகள்.

இது மெதுவான பயணம். பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலது கை விரல்கள் சுருளத் தொடங்கின. 1990களில்தான் இரு கைகளாலும் மேடையில் நிலையாக வாசிக்கத் திரும்பினார். கிளாசிக்கல் கித்தார் கலைஞர் டேவிட் லீஸ்னர் விரல்களைவிடத் தோள், மேற்கைப் பெருந்தசைகளைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கிக்கொண்டு மீண்டார். இன்னொரு கித்தார் கலைஞர் பில்லி மெக்லாஃப்லின் கித்தாரைத் திருப்பிப் பிடித்து, மறு கையால் முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

முழுவதும் பழையபடி ஆகாவிட்டால்

சில காயங்கள் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போகின்றன. 1928இல் தீயில் கருகி இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிய ஜாஸ் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், தனியிசை வரிகளைப் பெரும்பாலும் இரண்டே விரல்களால் வாசித்தார். கார்டுகளில் முடங்கிய விரல்களும் மேல் கம்பிகளில் துணை நின்றன. பிளாக் சபாத் இசைக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி 1965இல் தொழிற்சாலை விபத்தில் கம்பியை அழுத்தும் கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் தானே நுனிக்கவசம் செய்து தோல் ஒட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பிறகு டியூனிங்கையும் இறக்கினார்.

அவர்கள் செய்தது உங்களுக்கும் இயலும் வேலைதான்: முடியாத விரலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சமுள்ள விரல்களுக்கு ஏற்றபடி பிடிகளை மறுபடி எழுதுவது. ஆறு கம்பிப் பார் கார்டுக்குப் பதில் மூன்று கம்பிக் கார்டு போதும். பாஸ் வாசிப்பவர் கூட இருந்தால் யாருக்கும் குறை தெரியாது. சுண்டுவிரலில் ஸ்லைடு (கம்பியின் மேல் வழுக்கும் குழாய்) மாட்டலாம். அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும் திறந்த டியூனிங்கில் ஒரு விரலால் முழுக் கார்டு கிடைக்கும். குட்டை நெக் கொண்ட கித்தாரில் விரிப்பு குறையும். உங்களுக்கு மிகப் பிடித்த ஐந்து பாடல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பிடி வலியைத் தருகிறது என்று குறித்து, அதற்கான மாற்றுப் பிடியைப் பக்கத்திலேயே எழுதத் தொடங்குங்கள்.